மிளகின் பூர்வீகம், அப்பாயியின் பூர்வீகம்

(திருவானைக்காவலில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுவதும் திருத்தவில்லை.)



கவிதை வாசிக்கத்தான் என்னை வழக்கமாகக் கூப்பிடுவீர்கள். இந்த முறை ‘நாடுகளுக்கிடையே தடையற்ற வணிக ஒப்பந்தம்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டீர்கள். பேங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. நான் பி.காம். கிளார்க்கு. கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்புக் பதிந்து கொடுப்பவன். ஆனால் மூன்று வருஷம் அந்நியச் செலாவணிப் பிரிவில் போட்டிருந்தார்கள். அங்கே பார்த்த ஒரு காகிதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ‘தலித் இயக்கத்துக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் என்ன சம்பந்தம்’ என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். அம்பேத்கர் சிலையின் கையில் இருக்கிற புத்தகம் அரசியல் சட்டம். அது எல்லோருக்கும் தெரியும். 1923ல் லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகம் ரூபாயின் பிரச்சினையைப் பற்றியது. ரூபாயின் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி பெருகும், நாடு செழிக்கும் என்று பெரிய மனிதர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம். அம்பேத்கர் ஒரு எளிய கேள்வி கேட்டார்: அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? விலைவாசி ஏறுகிற வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே ஏற்றுமதிக்காரனின் ஆதாயம் கூலிக்காரனின் வயிற்றிலிருந்து எடுத்தது என்று காட்டினார். நூறு வருஷத்துக்கு முந்திய அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டால் எந்த ஒப்பந்தத்தையும் படிக்கலாம். பொருளாதாரத்தில் பட்டம் வேண்டியதில்லை.

2025 ஜூலை 24ல் இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டன. தோலுக்கும் காலணிக்கும் 16 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாகும் என்றார்கள். ஆம்பூரில் வரவேற்றார்கள், நம் செம்பட்டிலும் தோல் ஷாப் இருக்கிறது. நல்லதுதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லண்டன் தூரம். ஒப்பந்தம் என்றால் என்னவென்று பார்க்க, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கிற சுமார் 30 கிலோமீட்டர் கடலே போதும்.

அந்தக் கடலுக்கு மேலே போடப்பட்ட இரண்டு ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சரக்குக்கு, மற்றது மனிதருக்கு. பின்னால் வந்ததை முதலில் சொல்கிறேன்.

1998 டிசம்பர் 28ல் டெல்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்துப் போட்டார்கள். 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. நடைமுறைக்கு வந்த அன்றே இந்தியா 1,351 வகைச் சரக்குக்கு வரியை எடுத்தது. இலங்கை 319 வகைக்கு. மற்றவை படிப்படியாக. விட்டுக்கொடுக்க முடியாதவற்றுக்கு இரண்டு பக்கமும் தனிப் பட்டியல் வைத்துக்கொண்டார்கள். இலங்கைப் பட்டியல் நீளம், 1,180 இனங்கள். சின்ன நாடு, பயம் இருக்கும். தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை பாதி வரி. ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி, அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். ‘தடையற்ற வணிகம்’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே எத்தனை தடை பாருங்கள். இந்தத் தடைகளை எண்ணி எண்ணி வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தங்கள் ஆட்கள் யார், யாருக்கு வலிக்கும் என்று தெரிந்தவர்கள். கூட்டத்தில் அவர்களுக்கு ஆள் இருந்தது.

இப்போது அந்தக் காகிதம். இலங்கையிலிருந்து மிளகு வருகிறது என்று வையுங்கள். பேங்க்குக்கு வருகிற கட்டில் இன்வாய்ஸ் இருக்கும், கப்பல் ரசீது இருக்கும், கூடவே ஒரு பிறப்பிடச் சான்றிதழ் இருக்கும். ‘இந்த மிளகு இலங்கையில் விளைந்தது’ என்று அந்த நாட்டு அரசு அத்தாட்சி கொடுக்கும். அது இருந்தால்தான் சலுகை. இல்லாவிட்டால் முழு வரி. வேறு நாட்டு மிளகுக்கு 70 சதவீதம் வரை வரி இருந்தது. இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வரலாம்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தால் என்ன நடக்கும்? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகாக மாறி இங்கே வருகிறது என்று விவசாயிகள் கத்தினார்கள். குடகிலும் வயநாட்டிலும் விலை சரிந்தது. பக்கத்தில் கொல்லிமலையில் பழங்குடி மக்கள் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றி வைத்திருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று மத்திய அரசு குறைந்தபட்ச விலை வைத்தது.

வனஸ்பதி கதை இதைவிட வேடிக்கை. இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. இங்கேயிருந்த முதலாளிகள் சிலர் அங்கே போய் ஆலை வைத்தார்கள். மலேசியா பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, ‘இலங்கைப் பொருள்’ என்று வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். செம்பிலும் இதே வேலை. ஒப்பந்தத்தால் இலங்கையின் ஏற்றுமதி எத்தனை மடங்கு பெருகியது என்று அப்போது காட்டிய கணக்கில் இந்த இரண்டும் பெரும்பங்கு. பிறகு இந்தியா வனஸ்பதிக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது, பாமாயில் வரியையும் குறைத்தது, ஆலைகள் மூடிக்கொண்டன. முதலாளி திரும்பிவிட்டார். அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தியும் கிடையாது.

வெளியிலிருந்து வந்த மூலப்பொருளை வைத்துச் செய்த சரக்கு எப்படி ‘இலங்கைப் பொருள்’ ஆனது? அதற்கும் விதி இருக்கிறது. சரக்கின் மதிப்பில் 35 சதவீதம் அந்த மண்ணில் கூட்டப்பட்டிருந்தால் போதும், அது அந்த நாட்டுச் சரக்கு. இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் சேர்ந்திருந்தால் 25 சதவீதமே போதும். இந்த 35 சதவீதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முந்திய ஒப்பந்தம். 1964 அக்டோபர் 30. பிரதமர்கள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும். சரக்கு: 9,75,000 மனிதர்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பிற்பாடு பேசிக்கொள்வது. 1974ல் அதை 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் வாழைத்தார் பிரிக்கிறபோதுகூடப் பழத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரையும் கூப்பிட்டு உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்ட பிறகு போட்ட கணக்கு இல்லை அது. கணக்கை முதலில் எழுதிவிட்டுத்தான் மனு வாங்கினார்கள்.

அந்த 5,25,000ல் என் அப்பாயி ஒன்று. தாத்தா ஒன்று. எட்டு வயசில் என் அப்பா ஒன்று.

1973ல் வந்தார்கள். கண்டியில் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, கோச்சி ஏறி (அப்பாயி இன்றைக்கும் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்லும்) தலைமன்னார் வந்து கப்பல் பிடித்தார்கள். ஸ்டேஷனில் போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிப் பிடித்து அழுத அழுகையில் கார்டு விசில் ஊதினது காதில் விழவில்லையாம். கப்பலின் பெயர் ராமானுஜம். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ராமானுஜர்தான் எங்களைக் கரை சேர்த்தார், போங்கள்.

மண்டபம் முகாம், வியாபாரக் கடன், அந்தக் கடனில் வைத்த பெட்டிக்கடை, ஆறே மாசத்தில் கடை போனது. கொழுந்து பறித்துக் கவ்வாத்து வெட்டின மனுஷனுக்குக் கடையில் உட்கார்ந்து பொய் சொல்லத் தெரியவில்லை. தாத்தா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பிறகு கொள்ளிடக்கரைப் பக்கம் நம் காலனியில் ஒரு குடிசை.

இப்போது அந்த 35 சதவீதத்துக்கு வருவோம். பாமாயில் மலேசியாவில் பிறந்தது. இலங்கை ஆலையில் சில நாள் கொதித்தது. 35 சதவீதம் கூட்டியாகிவிட்டது என்றால் அது இலங்கைக்காரன். என் தாத்தாவின் தகப்பன் லால்குடிப் பக்கத்திலிருந்து போனவர். அங்கேயே செத்து அந்தத் தேயிலைத் தூருக்கே உரமானார். தாத்தா அங்கே பிறந்தார். அப்பாயி அங்கே பிறந்தது, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, அரைப்பேர் முழுப்பேர் என்று கூலி வாங்கி, வாழ்ந்தது. அந்த நாட்டின் மதிப்பில் நாங்கள் எத்தனை சதவீதம் கூட்டினோம்? ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு தேயிலை என்றால் அதைப் பறித்த விரல் யாருடையது? ஆனால் 1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது வேறு: தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொண்டு வா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் கொண்டு வா. லயத்தில் பிறந்தவனிடம் மூன்று தலைமுறைக் காகிதம் எங்கே இருக்கும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1964 ஒப்பந்தத்தில் சொத்தைப் பற்றியும் ஒரு விதி உண்டு. குடும்பம் ஒன்று கொண்டுபோகலாம் என்கிற சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக்கூடாது. தயாள குணம்! வனஸ்பதிக்கு இரண்டரை லட்சம் டன், எங்களுக்கு நாலாயிரம் ரூபாய். வரம்பு எல்லோருக்கும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது 1964ல் முளைத்தது என்று நினைக்காதீர்கள். நம்ம ஊருக்கு இதில் பங்கு இருக்கிறது. இலங்கைத் தோட்டத் துரைமார் ஆள் பிடிப்பதற்காக 1904ல் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தலைமையகம் எங்கே? இதே திருச்சிராப்பள்ளியில். சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை எல்லாம் கங்காணிகள் ஊர் ஊராகப் போனார்கள், சேரி சேரியாக என்று சொல்வது சரி. போனவர்கள் பெரும்பாலும் பள்ளர், பறையர், சக்கிலியர். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர டிக்கெட் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வழிச்செலவெல்லாம் அந்தத் தகரத்தின் பேரில் எழுதப்படும். மூட்டைக்கு அடையாளம் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. இன்ன ஆள் இவ்வளவு கடன் என்று துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக்கொடுப்பான். அந்தக் கடனைக் கட்டுகிற அடுத்த தோட்டத்துக்காரன் ஆளை அழைத்துக்கொண்டு போகலாம். வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறபோது கைமாற்றத்தக்க ஆவணங்கள் என்று ஒரு பாடம் வரும். பில், செக், பிராமிசரி நோட்டு. காகிதம் கை மாறினால் உரிமை மாறும். நான் அதைப் படித்தபோது சும்மாதான் படித்தேன். பிற்பாடு துண்டைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. என் முப்பாட்டன் ஒரு பில். 1921ல் துண்டு முறையை ஒழித்தார்கள்.

சரி, இங்கே வந்து சேர்ந்தோமே, எங்கள் பூர்வீகம் தீர்ந்துவிட்டதா? நான் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டபோது சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. ஒரு தாலுகா ஆபீஸ், எதுவென்று இங்கே வேண்டாம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் சிலோன். ‘சிலோன்ல பிறந்தவனுக்கு இங்கே எப்படிய்யா எஸ்.சி. குடுக்கிறது? உங்க பூர்வீகத்துக்கு அத்தாட்சி கொண்டா’ என்றார் அங்கே இருந்தவர். நான்கு மாசம் அலைந்தேன். தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் நீலகிரியில் இதே மாதிரி அலைவது ரொம்பப் பேருக்குத் தெரியும்.

கடைசியில் அப்பாயி சொன்ன ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு லால்குடிப் பக்கம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். எங்களுக்கு அங்கே வீடு இல்லை, நிலம் இல்லை, சொந்தக்காரர் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. ஊர்த் தெருவில் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பூட்டனின் பெயரைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘அட, கண்டிக்குப் போனானே, அவன் வகையறாவா நீ? நம்ம காலனி ஆளு. அங்கேயே நில்லுப்பா’ என்றார். நின்றேன். நூறு வருஷம், இரண்டு நாடு, இரண்டு ஒப்பந்தம், ஒரு கப்பல். இரண்டு அரசாங்கத்தாலும் சொல்ல முடியாத என் பூர்வீகத்தை அந்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எனக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வைத்துத்தான் சான்றிதழ் வாங்கினேன். அந்தச் சான்றிதழில்தான் இந்த வேலை.

நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேச வேண்டும்.

1964க்குப் பிறகு வந்த மக்களுக்காக 1968ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது, பிறகு டான்டீ ஆனது. காட்டை வெட்டித் தேயிலை நட்டது அந்த மக்களே. 1998 ஒப்பந்தம் வந்தபோது இலங்கைத் தேயிலை வந்து நீலகிரியை அழித்துவிடும் என்று பெரிய பேச்சு. 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை அடியோடு விழுந்தது உண்மை. சிறு விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். பழியை ஒப்பந்தத்தின் மேல் போடுவது சுலபம். ஆனால் ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலை வருவதற்கே கொச்சி, கொல்கத்தா துறைமுகம்தான் என்று கட்டுப்பாடு, வந்த அளவும் சொற்பம். விலை விழுந்ததற்குப் பெரிய காரணம், நம் தேயிலையை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991ல் இல்லாமல் போனது. தரம் கெட்டதும் ஒரு காரணம். எதிரியைத் தப்பாகக் காட்டினால் நாளைக்கு யாரும் நம்மை நம்பமாட்டார்கள். அதே டான்டீ நஷ்டம் என்று சொல்லி 2022ல் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. அதில் எந்த அந்நிய நாட்டுக்கும் பங்கில்லை.

சுதேசி பேசுகிற நண்பர்களிடமும் எனக்குத் தகராறு இருக்கிறது. ‘நம் கிராமப் பொருளாதாரத்தைக் காப்போம்’ என்கிறார்கள். எந்தக் கிராமம்? நிலம் அவன் கையில், மாடு செத்தால் தூக்க நான். அந்தப் பொருளாதாரத்தை விட்டு ஓடித்தானே என் பூட்டன் கழுத்தில் தகரம் மாட்டிக்கொண்டார். கங்காணி ஏமாற்றினான், சரி. ஊர் நன்றாக இருந்திருந்தால் கங்காணி பின்னால் யார் போவார்கள்? பழைய வேலி உடைந்தால் எனக்கு அழுகை வராது. திறந்த சந்தையில் ஒரு தலித் தோல் பொருள் செய்து ஏற்றுமதி பண்ண முடிந்தால் கும்பிட்டு வரவேற்பேன். ஆனால் தோல் பதனிடும் குழியில் இறங்குகிறவன் ஒருத்தன், ஏற்றுமதி லைசென்ஸ் வைத்திருப்பவன் ஒருத்தன். பூஜ்யமாகிற 16 சதவீத வரி எந்தக் கைக்குப் போகும்? அம்பேத்கர் கேட்ட அதே கேள்வி.

நம்ம கோயில் மதில் கதை உங்களுக்குத் தெரியும். சிவன் சித்தராக வந்து மதில் கட்ட நின்றாராம், கூலியாகத் திருநீறு கொடுத்தாராம், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம். திருநீற்றான் மதில் என்று பெயர். சின்ன வயசில் அந்த மதிலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: கல் சுமந்தவன் சாயந்திரம் கையை விரித்துப் பார்த்தபோது சாம்பலாகவே இருந்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்? ‘நீ சரியாக வேலை செய்யவில்லை’ என்றல்லவா சொல்லியிருப்பார்கள். வணிகம் வளர்ந்தால் எல்லோருக்கும் பலன் தானாக வரும் என்று புள்ளிவிவரம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தச் சித்தர் ஞாபகம்தான் வருகிறது.

பிரிட்டன் ஒப்பந்தத்தில் மத்திய அரசு டெண்டர்களில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2012ஆம் வருஷத்து ஆணைப்படி மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில் முனைவோரிடம் வாங்கவேண்டும். பல வருஷம் அந்த இலக்கை எட்டாமலே தள்ளினார்கள். லண்டன்காரனுக்குக் கதவு திறக்க ஒரு மேஜை, பல சுற்றுப் பேச்சு. இந்த நாலுக்கு ஒரு மேஜையும் இல்லை.

இலங்கையோடும் பேச்சு முடியவில்லை. சேவைத் துறையையும் முதலீட்டையும் சேர்த்து விரிவான ஒப்பந்தம் 2008ல் கொழும்பில் கையெழுத்தாக இருந்து நின்றுபோனது. 2016லிருந்து வேறு பெயரில் பேசினார்கள், 2023ல் திரும்பவும் எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அங்கே டாக்டர்கள் சங்கமே எதிர்த்தது. மிளகு போகலாம், வரலாம். மனுஷன் என்றதும் அங்கேயும் பதறுகிறார்கள், இங்கேயும் பதறுகிறார்கள்.

பேச்சு நடக்கிறபோதே நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய கோரிக்கை இல்லை. 1964 ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களின் பிறப்புப் பதிவுகள், தோட்டப் பேரேடுகள் இலங்கையில் எங்கெங்கே இருக்கின்றனவோ அவற்றின் நகலை இந்திய அரசு கேட்டு வாங்கவேண்டும், அதை இங்கே தாலுகா ஆபீஸ்கள் சாதிச் சான்றுக்கு ஆதாரமாக ஏற்கவேண்டும். மிளகு மூட்டைக்கு அரசாங்கம் தருகிற காகிதத்தை எங்களுக்கும் கொடு என்கிறோம். ஊர்த்தெருத் திண்ணையில் போய் இனி எங்கள் பிள்ளைகள் நிற்கமுடியாது.

மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மத்திய வணிக அமைச்சகத்துக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று. வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. நேற்று ராத்திரி அப்பாயிடம் படித்துக் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘இதுல எந்தத் தோட்டம்னு எழுதலையே, எந்த டிவிசன், எந்த லயம்னு போடு, அப்பத்தான் பேரேட்டுல தேட முடியும்’ என்றது. அது சரிதான். ஆகவே மூன்றாவது பத்தியில் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் கண்டிச்சீமை போய் வந்தவர்கள் இருந்தால் தோட்டத்தின் பெயர், டிவிசன், வந்த வருஷம் மூன்றையும் கேட்டு நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் தாளில் அப்பாயியின் கைநாட்டு இருக்கிறது. மை இன்னும் காயவில்லை, பார்த்து எடுங்கள்.